என்னைத் தெரியும் என்று எழுத ஓர் ஆள்

விமானம் ஓட்டக் கற்றது எனக்குப் பெரிய பாடாக இருக்கவில்லை, பிள்ளைகளே. "இவன் விமானம் ஓட்டுவான், இவனை எனக்குத் தெரியும்" என்று கொழும்பில் ஒரு பெரிய மனிதரைக் கொண்டு எழுதுவிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. யுத்த காலம். தமிழ்ப் பெடியன். கையில் விமானி லைசென்ஸ். இந்த மூன்றும் ஓர் ஆளிடம் சேர்ந்திருந்தால் தெரிந்தவர்களே றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவார்கள்.

நீங்கள் இப்போது வீட்டில் இருந்தபடி கணினியைத் தட்டி மூன்று பேரிடம் பரிந்துரை வாங்குகிறீர்கள். வாங்குங்கள், நல்லாயிருங்கள். நான் என் மூன்று கடிதங்களை வாங்கிய கதையைச் சொல்கிறேன். இதில் காற்றும் மேகமும் வராது. பயந்த மனிதர்கள் வருவார்கள், அவர்களில் முதல் ஆள் நான்.

இந்தியாவில் பறக்கப் படித்துவிட்டு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஓர் அறை எடுத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணித டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். தனியார் விமானம் எதையும் அப்போது மேலே விடமாட்டார்கள். பறக்காவிட்டால் லைசென்ஸ் காலாவதியாகிவிடும். என்னுடையதற்கு அந்த மாதக் கடைசி மட்டும்தான் உயிர். இன்னொரு தரம் இந்தியா போய்ப் பறந்து அதைப் புதுப்பிக்க எனக்கு வசதியும் இல்லை, வழியும் இல்லை. அந்த நேரம் பார்த்து, கொழும்புக்கு வந்துபோகும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று என்னை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. புதன்கிழமை காலை பத்து மணி, கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல். இது கிடைத்தால் விமானி. தவறினால் ஆயுள் முழுக்கத் திரிகோணமும் வட்டமும்தான்.

குறைந்தது இருநூற்றைம்பது மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு பறப்பின் நேரத்தையும் குறித்துவைக்கும் என் லொக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருநூற்றைம்பது மணித்தியாலம் இருபது நிமிஷம் என்று இருந்தது. மயிரிழை, ஆனால் போதும். அதோடு, உறவினர் அல்லாத மூன்று பேரின் நற்சான்றுக் கடிதமும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவர்களின் அழைப்புக் கடிதத்தோடு ஒரு தடித்த உறையும் வந்தது. அதற்குள் கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வரைபடங்கள். ஓடுபாதை எங்கே, எந்தப் பக்கமிருந்து எந்த உயரத்தில் இறங்கவேண்டும், எல்லாம் விவரமாக. படித்துக்கொண்டு வரவும், கேள்வி கேட்போம் என்று ஒரு குறிப்பு.

எனக்குப் பறக்கக் கற்றுத்தந்த இந்திய ஆசிரியருக்கு முதலில் எழுதினேன். பதில் வரவில்லை. அவர் எழுதாமல் விட்டாரா, எழுதியதைத் தபாலில் யாராவது திறந்து இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்களா தெரியாது. ஆகவே உள்ளூரில் இறங்கினேன்.

முதலில் என் பழைய பாடசாலை அதிபர். ஊரை விட்டு வந்து வெள்ளவத்தையில் மகளோடு இருந்தார். வாசலில் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. என்ன வேலைக்கு என்று கேட்டார். சொன்னேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவாக் கதையும். பைலட் எண்டு எழுத ஏலாது, தம்பி. பேந்து எனக்குத்தான் விசாரணை வரும். ஆனா உம்மட படிப்பைப் பற்றி வடிவா எழுதுறன். நீர் கெமிஸ்ட்ரியில புலி அல்லே?"

"ஓம் சேர். அதை எழுதுங்கோ."

பேனையைத் திறந்தார். மூடினார். "கெமிஸ்ட்ரி எண்டால் வெடிமருந்து எண்டு நினைப்பாங்கள். வேண்டாம். பௌதிகம்?"

"அதிலயும் ஏ எடுத்தனான் சேர்."

"பௌதிகம் எண்டால் வயர், பற்றரி. அதுவும் வேண்டாம். பூகோளம்... ஐயோ, மப் பார்க்கத் தெரியும் எண்டு வந்திடும். சாரணர் படையில இருந்தனீர், என்ன?"

"ஓம்."

"படை எண்ட சொல்லே வேண்டாம்."

இப்படி என்னிடம் இருந்த நல்ல குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். நேரம் தவறமாட்டேன் என்பதை எழுதினால் நேரம் குறித்து ஏதோ செய்பவன் என்று வருமாம். கடைசியில் மிஞ்சியது சங்கீதம். ஏழாம் வகுப்பில் ஒரு நவராத்திரிக்கு நான் தேவாரம் பாடினேன். "மாணவர் இனிய குரல் வளம் உடையவர். எவருடனும் அதிகம் பழகுவதில்லை" என்று எழுதி ஒப்பமிட்டுத் தந்தார். வாசலில் என் தலையைத் தடவி, "முன்னுக்கு வருவீர்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

இரண்டாவது, கொட்டாஞ்சேனையில் ஒரு சமாதான நீதவான், அதாவது கடதாசிகளை உறுதிப்படுத்தி முத்திரை குத்த அரசாங்கம் நியமித்த ஊர்ப் பெரியவர். புறக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருந்த முதலாளி. அவருடைய மகனுக்கு இரண்டு வருஷம் நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். நல்ல மனிதர். கேட்டவுடன் தலையாட்டினார்.

"நீங்களே டைப் பண்ணி எடுத்துட்டு வாங்க தம்பி. நான் கையெழுத்துப் போட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்திடுறேன்."

இந்த வழக்கம் உங்களுக்கும் தெரியும். நற்சான்றை வேண்டுபவனே எழுதிக்கொண்டு போவான், தருபவர் ஒப்பமிடுவார். நான் சந்தோஷமாகப் போய் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். துணிவு, தெளிவு, உடனே முடிவெடுக்கும் திறன், எல்லாம் அள்ளிக் கொட்டினேன். என்னைப் புகழ எனக்குக் கூச்சமே வரவில்லை. முதலாளி அதை மூக்குக் கண்ணாடி போட்டு வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உங்கள எனக்கு நல்லாவே தெரியும். ஆனா எவ்வளவு தெரியும்னு எழுதுறதுலதான் விஷயம் இருக்கு. ஏரோப்ளேன்ங்கிறத எடுத்துடுங்க. போக்குவரத்துன்னு போடுங்க. போக்குவரத்துத் துறையில ஒரு உத்தியோகம். பொய் இல்லையே?"

"பொய்யில்லை ஐயா. ஆனா..."

"துணிவுங்கிறதையும் எடுத்துடுங்க. இந்தக் காலத்துல துணிஞ்சவன்னு கையெழுத்து வச்சா என்னையும் சேத்து அள்ளிட்டுப் போயிருவான். பயந்த சுபாவம்னு போடுங்க. நமக்குப் பாதுகாப்பு."

ஆக, நான் போக்குவரத்துத் துறைக்கு ஏற்ற, பயந்த சுபாவமுள்ள, எதிலும் தானாக முடிவெடுக்காத இளைஞன் என்று கொட்டாஞ்சேனைத் தட்டச்சுக் கடையில் என் செலவில் நானே அடித்து எடுத்தேன். முத்திரை மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது.

மூன்றாவது கடிதத்துக்கு ஆள் இல்லை. திங்கட்கிழமை காலை, கிருலப்பனையில் ஒரு டொக்டரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். வழியில் சோதனைச் சாவடி. பையைக் கொட்டினார்கள்.

கட்டுநாயக்கா வரைபடம்தான் முதலில் விழுந்தது.

பொலிஸ் நிலையத்தில் நான் உண்மையைச் சொன்னேன். விமானி வேலை, நேர்முகத் தேர்வு, புதன்கிழமை பத்து மணி என்று. அழைப்புக் கடிதத்தைக் காட்டினேன். பொறுப்பதிகாரி மற்றக் கடதாசிகளையும் மேசையில் பரப்பச் சொன்னார். ஒருவர் நான் பாடுவேன் என்கிறார். இன்னொருவர் போக்குவரத்து என்கிறார். வெள்ளவத்தையில் வீட்டு ஆட்கள் எல்லாருடைய பெயரும் பொலிசில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவுத் துண்டில் டியூஷன் மாஸ்டர் என்று இருந்தது. என்னைக் காப்பாற்ற எழுதிய ஒவ்வொரு கடதாசியும் என்னைப் பொய்யனாக்கியது. அட கடவுளே, அந்த நேரம் கெமிஸ்ட்ரி என்று எழுதியிருந்தால்கூட ஒருவேளை நம்பியிருப்பார்கள்.

அங்கிருந்து வேறிடத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. புதன்கிழமையும் போகும், லைசென்ஸும் போகும், நானும் போவேன்.

லொக் புத்தகத்தைப் புரட்டிய பொறுப்பதிகாரிக்கு அதில் நிறைந்திருந்த எண்களும் எழுத்துக்களும் பிடிக்கவில்லை. இரகசியக் குறியீடாக இருக்கும், கண்டுபிடி என்று ஒரு சார்ஜனிடம் அதையும் என்னையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

சார்ஜன் நடுவயது மனிதர். யாழ்ப்பாணத்தில் சில வருஷம் வேலை பார்த்ததில் தமிழ் கொஞ்சம் இருந்தது. அடிமட்டமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். முதலாம் பக்கம் முதலாம் வரியிலிருந்து தொடங்கினார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி, மாத்தயா என்றால் ஐயா.

"மல்லி, இந்த சோலோ யாரு?"

"ஆள் இல்லை மாத்தயா. தனியப் பறந்தால் அப்பிடி எழுதுறது."

"எல்லாப் பக்கமும் வாறது. இருபத்து மூணு தரம் உங்களோட வந்தது. இப்ப எங்க இருக்கிறது?"

"அது நான்தான் மாத்தயா."

"அப்ப உங்களுக்கு ரெண்டு பேர்?"

சிரிக்காதீர்கள். அன்று அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வதில்தான் என் உயிர் இருந்தது. ஒரே கேள்வியை அவர் கேட்டார், வேறொருவர் வந்து கேட்டார், திரும்ப இவர் கேட்டார். கோபம் வந்தது, அழுகை வந்தது. ஒன்று மட்டும் செய்தேன். கதையைக் கொஞ்சம் அழகாக்கிச் சொல்லுவோமா என்று வாய் உன்னும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு முதலில் சொன்னதையே சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். பின்னாளில் ஒரு விமானத்தில் வலது இயந்திரம் நின்று, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து மூன்று பேர் மாறி மாறிக் கேள்வி கேட்டபோதும் அதையேதான் செய்தேன். அதைப் பழகிய இடம் நான் உட்கார்ந்திருந்த அந்தப் பொலிஸ் நிலைய மர வாங்கு.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சார்ஜன் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அடிமட்டத்தை ஒரு பக்கத்தில் வைத்து மீண்டும் கூட்டினார். பிறகு புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"மல்லி, நீங்க மெட்ஸ் மாஸ்டர் தானே?"

"ஓம் மாத்தயா."

"முப்பத்தொண்ணாவது பக்கம் கூட்டிப் பாருங்க."

பக்கத்தின் அடியில் போட்ட மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுபோய் எழுதவேண்டும் அல்லவா? அப்படிக் கொண்டுபோனபோது ஒரு பறப்பின் ஐம்பது நிமிஷத்தை இரண்டு தரம் சேர்த்திருக்கிறேன். அங்கிருந்து கடைசிவரை அந்தப் பிழை என் கூடவே வந்திருக்கிறது. நான் பறந்தது இருநூற்று நாற்பத்தொன்பது மணித்தியாலம் முப்பது நிமிஷம். கம்பனி கேட்டதற்கு அரை மணித்தியாலம் குறைவு. இரண்டு தரம் கூட்டினேன். மூன்றாம் தரமும் கூட்டினேன், பொலிஸ் பென்சிலுக்கு மனம் இரங்கும் என்பது போல. எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன்! வெட்கத்தில் காது சுட்டது.

"இரகசியம் ஒண்ணும் இல்ல. பிழை மட்டும்தான் இருக்கிறது" என்றார் சார்ஜன். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. இரண்டு நாள் தேடியது கிடைத்துவிட்ட நிம்மதிதான் அதில் இருந்தது.

புதன் காலை எட்டரைக்கு என்னை விட்டார்கள். பையைத் திருப்பித் தரும்போது எனக்கு ஒரு விசர் யோசனை வந்தது. உறவினர் அல்ல. என்னைத் தெரியும். கையில் முத்திரையும் இருக்கிறது.

"மாத்தயா, எனக்கு இன்னும் ஒரு நற்சான்றுக் கடிதம் வேணும். நீங்கள் எழுதித் தருவீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நானா?"

"ரெண்டு நாளா நீங்கள்தானே என்னோட இருந்தனீங்கள்."

கடதாசி ஒன்றை எடுத்து உட்கார்ந்து சிங்களத்தில் எழுதத் தொடங்கினார். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. பக்கம் நிறைந்தது.

"மாத்தயா, அந்த அரை மணித்தியாலத்தை எழுதாமல் விடலாமா?"

பேனையை நிறுத்தினார். "அது விட்டா மத்தது எல்லாம் யாரு நம்புறது, மல்லி?" என்று கேட்டுவிட்டு, முத்திரையைக் குத்தித் தந்தார்.

காலி வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு நாள் போட்ட சேர்ட், மழிக்காத முகம். கடிதத்தைக் கொடுத்தால் மணித்தியாலம் போதாது என்று அனுப்புவார்கள். கொடுக்காவிட்டால் கடிதம் போதாது என்று அனுப்புவார்கள். கடிதத்தைக் கிழித்துவிட்டு, மூன்றாவது இன்னும் தபாலில் வரவில்லை என்று கெஞ்சிப் பார்க்கலாம். லொக் புத்தகத்தை அவர்கள் கூட்டிப் பார்க்கவா போகிறார்கள்? இந்தியாவில்கூட எவரும் பார்க்கவில்லையே.

நான் அரிச்சந்திரன் என்று பெருமையடிக்க வரவில்லை. உண்மையில் எனக்குக் களைத்துவிட்டது. இரண்டு நாளாக ஒரே கதையைச் சொன்ன வாயால் பத்து மணிக்கு இன்னொரு கதை தொடங்க என்னால் முடியாது என்று தெரிந்தது. கடைக்காரரிடம் பேனை வாங்கி, 250:20 என்பதைக் கோடு போட்டு வெட்டி, 249:30 என்று எழுதிப் பக்கத்தில் ஒப்பமிட்டேன்.

ஹோட்டல் அறையில் இரண்டு பேர். ஒருவர் கம்பனியின் தலைமை விமானி, நரைத்த வெள்ளைக்காரர். மற்றவர் கம்பனியின் கொழும்பு முகாமையாளர், சிங்களவர், கச்சிதமாக உடுத்தியிருந்தார். வெள்ளைக்காரர் முதல் கடிதத்தோடு நான் முன்பே இணைத்து வைத்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாசித்தார்.

"நீங்கள் பாடகரா?"

"இல்லை சேர்."

இரண்டாவதை வாசித்தார். "பயந்த சுபாவம். தானாக முடிவெடுக்கமாட்டார்." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இதை எழுதியவருக்கு உங்கள் மேல் என்ன கோபம்?"

"கோபம் இல்லை சேர். அதை நான்தான் எழுதினேன்."

வெள்ளைக்காரர் அதை ஓரமாக வைத்தார். மூன்றாவதை எடுத்து, எழுத்துப் புரியாமல் முகாமையாளரிடம் நீட்டினார். பொலிஸ் முத்திரையைக் கண்டதும் முகாமையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார். அவரோடு சேர்ந்து நானும் முதல்தரமாக அதைக் கேட்டேன்.

"இவரை எனக்கு இரண்டு நாள் தெரியும். இந்த இரண்டு நாளில் இவருடைய பையையும் உடுப்பையும் புத்தகத்தையும் சோதித்தோம். ஒரே கேள்வியைப் பதினொரு தரம் கேட்டோம். பதினொரு தரமும் ஒரே பதில் தந்தார். பயந்தார், ஆனால் பயத்தில் பேச்சு மாறவில்லை. சோலோ என்று ஓர் ஆள் இல்லை என்பது உறுதி செய்யப்பட்டது. பறந்த மொத்த நேரம் புத்தகத்தில் பிழையாக உள்ளது, சரியான மொத்தம் 249 மணித்தியாலம் 30 நிமிஷம். பிழையைக் காட்டியபோது வாதாடவில்லை, தானே கூட்டிப் பார்த்து ஒத்துக்கொண்டார். இவரைத் தடுத்து வைத்தது சரியா என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. என் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இவர் ஓட்டும் விமானத்தில் ஏற்றி அனுப்புவேன். கூட்டலை மட்டும் வேறு ஆள் பார்ப்பது நல்லது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தெரிந்த மனிதர்கள் எல்லாரும் என்னைத் தெரியாதவன் போல எழுதித் தந்திருந்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருந்தேன்.

வெள்ளைக்காரர் லொக் புத்தகத்தைத் திறந்து வெட்டிய எண்ணைப் பார்த்தார். "எப்போது திருத்தினீர்கள்?"

"இப்போதுதான் சேர், தேத்தண்ணிக் கடையில்."

"உங்களை ஏன் பிடித்தார்கள்?"

"பையில் கட்டுநாயக்கா வரைபடம் இருந்தது."

"அதை ஏன் கொண்டு திரிந்தீர்கள்?"

"நீங்கள்தான் அனுப்பியிருந்தீர்கள் சேர். படித்துக்கொண்டு வரச் சொல்லி."

முகாமையாளர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை தமிழ்ப் பெடியன்களுக்கு அந்த உறையை அனுப்பினார்களோ, அதை எண்ணிக்கொண்டிருந்தாரோ தெரியாது. வெள்ளைக்காரர் எழுந்து என் கையைப் பிடித்தார். லைசென்ஸ் காலாவதியாக முன்னம் அடுத்த திங்கட்கிழமையே வந்து சேரும்படியும், குறைந்த அரை மணித்தியாலத்தைத் தன் பக்கத்தில் இருந்து பறந்துவிட்டு ஒப்பந்தத்தில் ஒப்பமிடும்படியும் சொன்னார். வரைபடத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சார்ஜனின் கடிதத்தை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் என்னிடம் திருப்பித் தந்தார்.

நீங்கள் எல்லாரும் ஒருநாள் இன்னொருவருக்குக் கடிதம் எழுதும் நிலைக்கு வருவீர்கள். அப்போது நல்லவர், வல்லவர் என்று நிரப்பாதீர்கள். அவருடைய ஒரு பிழையை, அதைக் காட்டியபோது அவர் என்ன செய்தார் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளை அவரோடு ஏற்றுவீர்களா என்பதையும் எழுதுங்கள். ஏற்றமாட்டீர்கள் என்றால் கடிதமே தராதீர்கள். இதைத்தான் நான் வேலையில் இருந்த காலம் முழுக்கச் செய்தேன், அதற்காக என்னைத் திட்டியவர்களும் உண்டு.

அன்று பின்னேரமே ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். இரண்டு நாள் இருந்த இடத்துக்கு நானாகத் திரும்பிப் போகிறேனே, எனக்கு விசரா என்று வழி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். வாசல் காவலில் நின்றவர் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு யாரைப் பார்க்க என்று கேட்டார்.

"சார்ஜன் மாத்தயாவை."

"இங்க அஞ்சு சார்ஜன் இருக்காங்க. எந்த ஆள்? பேர் என்ன?"

இரண்டு நாள் ஒரே மேசையில் இருந்திருக்கிறோம். அவர் என் பிறந்த திகதி தொடங்கி முப்பத்தோராம் பக்கம் வரை எல்லாம் கேட்டிருந்தார். நான் அவரிடம் கேட்டது ஒரு கடிதம் மட்டும்தான். அதன் கீழே அவர் போட்ட ஒப்பத்தைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

"பேர் தெரியாது" என்றேன்.

"பேர் தெரியாத ஆளை எப்பிடிக் கூப்பிடுறது?" என்று சொல்லி, இனிப்புப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்.